மல்லாந்து கிடத்தல்

முகம் வானை நோக்க, முதுகு நிலத்தில் படியும் நிலையைத் தமிழ் 'மல்லாந்து கிடத்தல்' என்கிறது. முகம் நிலத்தை நோக்கின் அது 'குப்புறக் கிடத்தல்'. பக்கவாட்டில் சாயின் 'ஒருக்களித்துக் கிடத்தல்'.

உடல்நிலையைச் சுட்டும் சொற்கள் உளநிலையைச் சுட்டவும் விரிவது மொழிகளின் இயல்பு. இலத்தீனில் மல்லாந்த நிலையைக் குறித்த 'சுபீனுஸ்' என்னும் சொல், சோம்பலையும் அக்கறையின்மையையும் குறிக்கலாயிற்று. முன்னோக்கிச் சாய்தலைக் குறித்த 'புரோனுஸ்' என்னும் சொல்லோ ஒன்றன்பால் கொள்ளும் நாட்டத்தைக் குறித்தது.

தமிழில் செயலின்மைப் பொருளை ஏற்றது 'கிட' என்னும் வினையாகும். உழப்படாத நிலம் தரிசாய்க் கிடக்கிறது. முடிவு காணப்படாத கோப்பு கிடப்பில் இருக்கிறது.

'மல்லாந்தான்', 'கிடந்தான்' என்பன தன்வினைகள். 'மல்லாத்தினான்', 'கிடத்தினான்' என்பன பிறவினைகள். முன்னவற்றில் எழுவாய் தானே அந்நிலையை அடைகிறது. பின்னவற்றில் பிறரை அந்நிலைக்கு ஆளாக்குகிறது. கோப்பு தானாகக் கிடப்பதில்லை. ஒருவர் அதனைக் கிடப்பில் போட்டதாலேயே கிடக்கிறது. மனிதர்க்கும் இது பொருந்தும். செயலற்றிருப்பவரைச் சோம்பர் எனப் பழிக்குமுன், அவர் கிடந்தாரா, கிடத்தப்பட்டாரா என வினவுதல் வேண்டும். அவ்வேறுபாட்டைத் தமிழ் தன் வினையமைப்பிலேயே காட்டி நிற்கிறது.