ராமேஸ்வரத்தை மேப்பா வரைஞ்சு டாலர்ல விக்க முடியுமா? ஒரு சைட் இன்கம் கணக்கு

‘எனக்கு நல்லா வரைய வரும், அதை வெச்சு சம்பளத்துக்கு மேல ஏதாவது பார்க்க முடியுமா?’ன்னு கேட்கிறவங்களுக்கு வழக்கமா கிடைக்கிற பதில் மூணு: லோகோ, கல்யாணப் பத்திரிகை, டி-ஷர்ட் டிசைன். மூணுலயும் கூட்டம் அதிகம், விலை கம்மி. இன்னைக்கு நாம பார்க்கப் போறது தமிழ்ல யாரும் அதிகமா பேசாத ஒண்ணு. மேசை விளையாட்டுகளுக்கு ஃபேன்டஸி மேப் வரைந்து விற்பது.

விளையாட்டு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் இதுக்கெல்லாம் தாய். நாலஞ்சு பேர் மேசையைச் சுற்றி உட்காருவாங்க. ஒருத்தர் கதை சொல்லுவார், அவர்தான் கேம் மாஸ்டர். மத்தவங்க கதாபாத்திரங்கள். பகடை உருட்டி குகைக்குள்ள, பாழடைஞ்ச கோட்டைக்குள்ள போவாங்க. அந்தக் குகைக்கும் கோட்டைக்கும் பேர்தான் டன்ஜன். கேம் மாஸ்டருக்கு வாராவாரம் புது மேப் வேணும். அவரும் நம்மளை மாதிரி ஆபீஸ் போறவர், வரைய நேரமில்லை. மூணு டாலர், அஞ்சு டாலர் கொடுத்து வாங்கிடுவார். சந்தை அவ்வளவுதான்.

அந்தக் கடைகள்ல போய்ப் பாருங்க. ஐரோப்பியக் கோட்டை, பனிமலை, மதுக்கடை, மறுபடி கோட்டை. அந்த வரிசையில் நீங்களும் ஒரு கோட்டை வரைஞ்சா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. ஆனா வேற நிலம் வேணும்ங்கிற தேவை இருக்கு. 2022-ல் வெளியான அதிகாரப்பூர்வ ‘ரேடியன்ட் சிட்டாடல்’ புத்தகத்திலேயே வங்காளச் சாயலில் மிமி மண்டல் எழுதிய ஒரு கதை இருக்கு. ராமநாதபுரம் கடற்கரை அந்த மாதிரி ஒரு நிலம். எனக்குத் தெரிஞ்சு டன்ஜன் வரைய இதைவிட நல்ல சரக்கு தமிழ்நாட்டுல இல்லை.

பிரகாரம் ஒரு பாடம்

டன்ஜன் வரையறவங்க மத்தியில் ஜெனல் ஜக்வேஸ்னு ஒரு பேர் அடிக்கடி வரும். 1979-ல் அவர் செஞ்ச ‘கேவர்ன்ஸ் ஆஃப் த்ரேசியா’ இன்னைக்கும் பாடமா பேசப்படுது. காரணம், அறைக்கு அப்புறம் அறைன்னு ரயில்பெட்டி மாதிரி வரிசையா இருக்காது. சுத்தி வர வழி, குறுக்கு வழி, ரெண்டாவது வாசல் எல்லாம் இருக்கும். எந்தப் பக்கம் போறதுன்னு ஆடறவங்கதான் முடிவு பண்ணணும்.

ராமநாதசுவாமி கோயில் மூன்றாம் பிரகாரத்துல நடந்தவங்களுக்கு இது புதுசில்லை. 18-ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்துல கட்டினது. சுமார் 1,212 தூண்கள். கிழக்கு, மேற்குப் பக்கம் சுமார் 400 அடி, வடக்கு, தெற்குப் பக்கம் சுமார் 640 அடி. எங்க ஆரம்பிச்சாலும் சுத்தி அங்கேயே வந்து சேரலாம். உள்ள 22 தீர்த்தங்கள், அதுல குளிக்க ஒரு வரிசை. ஈரத்துணியோட கிணறு கிணறா ஓடுற அந்தக் கூட்டத்தைப் பாருங்க. இருபத்தி ரெண்டு இடம், ஒரு குறிப்பிட்ட வரிசை, வரிசை தப்பினா என்ன ஆகும்ங்கிற கேள்வி. ஒரு முழு டன்ஜனுக்கு இது போதும்.

ஆனா அளவுல கவனம். இந்த விளையாட்டுல ஒரு கட்டம்னா 5 அடி, பேப்பர்ல 1 இன்ச். 640 அடின்னா 128 கட்டம், அதாவது பத்து அடிக்கு மேல நீளமான பேப்பர். எந்த மேசையும் தாங்காது. 24-க்கு 36 இன்ச் போஸ்டர்ல 120-க்கு 180 அடிதான் அடங்கும். அதனால ஒரு மூலை, நாலு கிணறு, ஒரு வாசல்னு வெட்டி எடுங்க. ஒரே பிரகாரத்துல இருந்து ஆறு மேப் வரும். அதை ஒரு தொகுப்பா விற்கலாம்.

ஒண்ணு சொல்லணும். கோயிலை அப்படியே வரைஞ்சு கருவறையில் பூதத்தை உட்கார வைக்காதீங்க. அமைப்பை மட்டும் எடுத்துக்கிட்டு பேரையும் சாமியையும் விட்டுடுங்க. 2022 டிசம்பர் உயர்நீதிமன்ற உத்தரவுக்கு அப்புறம் கோயிலுக்குள்ள செல்போனும் கிடையாது. காலடி எண்ணி, வெளிய வந்து நோட்டுல குறிச்சுக்கோங்க. வரையறவனுக்கு அதுதான் நல்லது, போட்டோ பார்த்து வரையறப்ப கண்ணு சோம்பேறியாயிடும்.

ரெண்டு கடல், 21 தீவு

ஊர் மேப், உலக மேப் வரையறவங்களுக்கு இன்னும் அதிகம் இருக்கு. மண்டபத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள்: குருசடை, முயல் தீவு, அப்பா தீவு, நல்லதண்ணித் தீவுன்னு. பேரைக் கேட்டாலே கதை வருது. தனுஷ்கோடியில் ஒரு பக்கம் பெண் கடல், மறுபக்கம் ஆண் கடல்னு உள்ளூர்க்காரங்க சொல்லுவாங்க. தென்மேற்குக் காத்துல மன்னார் பக்கம் கொந்தளிக்கும், வடகிழக்குப் பருவத்துல பாக் பக்கம் கொந்தளிக்கும். சீசனுக்கு ஒரு மேப்னு ரெண்டா வரையுங்க, கேம் மாஸ்டர் சந்தோஷமா வாங்குவார். தேவிபட்டினத்துல கடலுக்குள்ள நிக்கிற ஒன்பது கல்லு ஒரு முழு புதிர் அறை.

தனுஷ்கோடியையே எடுத்துக்கோங்க. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில்ல வந்து, இங்க கப்பல் ஏறி தலைமன்னார் போவாங்க. ஸ்டேஷன், சர்ச், போஸ்ட் ஆபீஸ் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல், ரயிலோட சேர்த்து ஊரையே கொண்டு போயிடுச்சு. இருந்த ஊர் ஒரு லேயர், மணல் மூடின ஊர் இன்னொரு லேயர். கடலுக்குப் பக்கத்துலயே மணலைத் தோண்டினா நல்ல தண்ணி வரும் ஊற்று, அது ரெண்டு லேயர்லயும் அதே இடத்துல. செத்தவங்களோட சொந்தக்காரங்க இன்னும் அந்தக் கரையில இருக்காங்க. ஊர் பேரை மாத்துங்க, பிணத்தை வரையாதீங்க.

மேப்போட ஓரத்துக்கு ஐரோப்பிய டிராகனும் திசைகாட்டியும் வேண்டாம். ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனைச் சுவர்ல சேதுபதிகள் காலத்து ஓவியங்கள் இருக்கு. போர்க்காட்சி, அரசவை, ராமாயணம். அந்தக் கோடும் நிறமும்தான் உங்க முத்திரை.

இப்ப காசுக்கு வருவோம்

5 டாலர் தொகுப்பு ஒண்ணு. டாலர் 85 ரூபாய்னு வெச்சுக்குவோம். டிரைவ்த்ரூஆர்பிஜி தளத்துல, வேற இடத்துலயும் விற்கும் உரிமையோட போட்டா உங்களுக்கு 65%. அதாவது 276 ரூபாய். டிஎம்ஸ் கில்டுல 50%, 212 ரூபாய். அங்க போட்டதை வேற எங்கயும் விற்கவும் முடியாது. இட்ச் தளம் வழக்கமா 10% எடுக்கும், பேமென்ட் கட்டணம் தனி. ஆனா அங்க ஆளை நீங்கதான் கூட்டிட்டு வரணும்.

வருஷம் 60,000 ரூபாய் பார்க்க 276 கணக்குல 218 காப்பி விக்கணும். வாரத்துக்கு நாலு. முதல் வருஷத்துல இது சாதாரண விஷயமில்லை. கனடாவைச் சேர்ந்த டைசன் லோகோஸ் வெறும் கறுப்பு மையில் கோடு போட்டு வரையறவர். பேட்ரியன்ல மாசாமாசம் ஆதரவாளர்கள் காசு கொடுக்கறாங்க, மேப்களை அவர் பிளாக்ல இலவசமா போடறார். அந்த மாதிரி நிலைக்கு வர பல வருஷம் விடாம போடணும்.

செலவைக் குறைவா வெச்சுக்கோங்க. டன்ஜன்டிராஃப்ட் சாஃப்ட்வேர் சுமார் 20 டாலர், ஒரே தடவை. 1,700 ரூபாய், ஏழு காப்பியில் திரும்பிடும். ஐபேட் இஎம்ஐ போட்டு ஆரம்பிக்கிறது வேண்டவே வேண்டாம். இலவசக் கணக்குல வரைஞ்சதை விற்க விடாத தளங்களும் இருக்கு, லைசென்ஸைப் படிங்க.

வரியில் ஒரு பொறி

2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை. உங்க சம்பளம் 12,75,000. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000 போனா சரியா 12 லட்சம், ரிபேட்ல வரி பூஜ்யம். இப்ப மேப்ல 60,000 லாபம் வருது. வருமானம் 12,60,000. ஸ்லாப்படி வரி 69,000. மார்ஜினல் ரிலீஃப் அதை 60,000-ஆ குறைக்கும், மேல செஸ் 4%. கட்ட வேண்டியது 62,400. வருஷம் பூரா ராத்திரி கண்ணு முழிச்சு வரைஞ்சதுக்கு கையில இருந்து 2,400 போகுது!

அதே 60,000, சம்பளம் 8 லட்சம்னா வரியே இல்லை, முழுசும் உங்களுக்கு. சம்பளம் 18 லட்சம்னா 20% ஸ்லாப், செஸ் சேர்த்து 12,480 போய் 47,520 மிஞ்சும். அடி வாங்கறது நடுவுல நிக்கிறவங்கதான்: வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துல இருந்து சுமார் 12,70,000 வரைக்கும். நீங்க அந்த ஓரத்துல இருந்தா கம்பெனியோட என்பிஎஸ் பங்களிப்பைக் கேட்டுப் பாருங்க. பேசிக்ல 14% வரைக்கும் புதிய முறையிலயும் கழிக்கலாம். பேசிக் 6 லட்சம்னா 84,000. சம்பளத்துக்குள்ளயே அதை மாத்தி அமைச்சா 12,60,000 என்பது 11,76,000 ஆகி வரி மறுபடி பூஜ்யம். பணம் ரிட்டயர்மென்ட் வரைக்கும் லாக் ஆகும், அது வேற கதை.

இந்த வருமானம் இருந்தா ஐடிஆர்-1 போட முடியாது. டிடிஎஸ் போக வரி 10,000-ஐத் தொட்டா அட்வான்ஸ் டாக்ஸ் உண்டு. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள்ள இருக்கிற வரைக்கும் பொதுவா ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. அமெரிக்கத் தளங்கள் டபிள்யூ-8 பென் படிவம் கேட்கும். அதைச் சரியா நிரப்புங்க, ராயல்டிக்கு அங்க பிடிச்சா இந்திய ஒப்பந்தப்படி 15%. அதை இங்க கிரெடிட் எடுக்கலாம்.

முதல் மேப்பை அப்லோட் பண்றதுக்கு முன்னாடி அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்து ரெண்டு பாராவைத் தேடுங்க. வேற வேலை செய்யக்கூடாதுன்னு ஒண்ணு இருக்கும்; வேலையில் இருக்கும்போது உருவாக்கினதெல்லாம் கம்பெனிக்கேன்னு இன்னொண்ணு இருக்கும். ரெண்டாவதுதான் ஆபத்து. ஹெச்ஆர்கிட்ட மெயில்ல அனுமதி வாங்குங்க, ஆபீஸ் லேப்டாப்ல ஒரு கோடு கூட போடாதீங்க. உங்க சம்பளத்தைப் போட்டு இதே கணக்கைப் பார்க்கிற ஷீட்டை நம்ம சேனல் வீடியோவோட டிஸ்க்ரிப்ஷன்ல வெச்சிருக்கேன்.