அழித்து எழுதிய நாடா

கடிதம் என்ற இலக்கிய வடிவத்தைப் பற்றி இத்தொடரில் ஒருமுறை பேச வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அதற்குக் குறிப்பெடுக்க உட்கார்ந்தபோதுதான், எங்கள் வீட்டுக்குப் பல ஆண்டுகள் கடிதமாக வந்து போனது ஓர் ஒலிநாடா என்பது நினைவில் தட்டியது. கசற் என்று நாங்கள் சொன்ன அந்தச் சிறு பெட்டியைப் பற்றியே இன்று பேசுகிறேன். வீட்டுக் கதைக்கு வருமுன், அந்தப் பெட்டி எப்படி நம் கைக்கு வந்தது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஒலியைப் பிடித்து வைக்கும் முதற் கருவியை எடிசன் 1877 இல் செய்தார். அடுத்த ஆண்டு அவர் எழுதிய கட்டுரையொன்றில், அக்கருவி எதற்கெல்லாம் பயன்படும் என்று ஒரு பட்டியல் தந்தார். முதலில் வருவது கடிதம். பார்வையற்றோருக்கான நூல்கள், பேச்சுப் பயிற்சி ஆகியவற்றின் பின்னர் நாலாவதாகத்தான் இசை வருகிறது. அதற்கு அடுத்ததாக, குடும்பத்தவரின் பேச்சையும் இறக்கும் தறுவாயில் உள்ளோரின் கடைசி வார்த்தைகளையும் சேமித்து வைக்கலாம் என்கிறார். எடிசனின் கருவியில் பேசவும் முடியும், கேட்கவும் முடியும். பின்னர் உலகை ஆண்ட கிராமபோனோ கேட்க மட்டுமே உதவியது. பதிவு செய்யும் உரிமை கொம்பனிகளிடம் போய்விட்டது.

எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு கிராமபோன் இருந்தது. சாவி கொடுத்து முறுக்கி, ஊசி மாற்றி, தட்டின் தூசி துடைத்து அவர் அதை இயக்குவது பூசைக்கு ஆயத்தம் செய்வது போலிருக்கும். பிள்ளைகள் தொடக் கூடாது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே இசை பிடிக்கும். மணிக்கணக்கில் விரியும் இராகத்தை அந்த மூன்று நிமிடத்துக்குள் மடிக்கக் கற்றுக்கொண்டவர்களே தட்டில் நிலைத்தார்கள். 1902 இல் கல்கத்தாவில் பாடிப் பதிவு செய்த கௌஹர் ஜான், பாட்டின் முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். தட்டு அச்சாவது ஜேர்மனியில். யாருடைய குரல் என்று அங்குள்ளவர்களுக்குத் தெரிய வேண்டுமல்லவா? 1908 இல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் தொழிற்சாலை வந்துவிட்டது. எங்கள் பெரியப்பாவின் பெட்டியில் கே. பி. சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் இருந்தார்கள். ஆனால் பெரியப்பா தாமே நன்றாகப் பாடுவார். அவருடைய குரல் எந்தத் தட்டிலும் இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்தது நாடா. இரும்பு ஒட்சைட்டுத் துகளைக் கடதாசி நாடாவில் பூசி ஒலியைப் பதியலாமென்று 1928 இல் ஃபுளொய்மர் என்பவர் காட்டினார். பெரிய சுருள்களில் ஓடிய அந்த நாடா வானொலி நிலையங்களுக்கும் வசதி படைத்தோருக்கும் மட்டுமே எட்டியது. 1963 இல் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் கொம்பனி கசற்றை அறிமுகம் செய்தது. அதை ஆக்கிய குழுவுக்குத் தலைவர் லூ ஒட்டன்ஸ். அவர் தம் கோற் பைக்குள் அடங்கும் அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, கருவி இதைவிடப் பெரிதாகக் கூடாது என்று அளவு வைத்துக்கொண்டாராம். 2021 இல் காலமான அந்த மனிதர், சீ.டி.யின் ஆக்கத்திலும் பங்குகொண்டவர். ஒலித்தரத்தில் சீ.டி.யை எதுவும் விஞ்சாது என்று சொன்னவரும் அவரே.

அவர் சொன்னது சரி. கசற்றின் ஒலி இனிமையானது, இதமானது என்றெல்லாம் இப்போது இளையவர்கள் சிலர் சொல்லக் கேட்கிறேன். மேல்நாடுகளில் அது மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கிறது. நான் அந்தக் கட்சியில் இல்லை. கசற்றில் எப்போதும் ஓர் இரைச்சல் இருக்கும். வெயிலில் விட்டால் வளையும். ஈரலிப்பில் பூஞ்சணம் பிடிக்கும். கருவி நாடாவை விழுங்கிவிட்டால் பென்சிலைப் பல்லுக்குள் விட்டுச் சுற்றிச் சுற்றி மீட்க வேண்டும். அதன் பெருமை வேறு. அதில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அதை அழுத்த யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் யாழ்ப்பாணத்தில் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் கடைகள் இருந்தன. ஒற்றைத் தாளில் பாட்டுகளின் பெயரை வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு மூன்று நாளில் கசற் கிடைக்கும். பட்டியலைப் பார்த்தே ஆளை எடை போடுவார் கடைக்காரர். அதைவிட முக்கியமான வேலையைச் செய்தவர்கள் கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கிக்குக் கீழே கருவியை வைத்துக்கொண்டு விடிய விடிய இருந்த இரசிகர்கள். 1975 இல் காலமான தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் வாசிப்பை, அவரை நேரிற் காணாத தலைமுறையொன்று கேட்கிறதென்றால் அவ்வாறான பதிவுகளுக்கும் அதிற் பெரும் பங்குண்டு. சுருள் நாடாவிலிருந்து கசற்றுக்கும் கசற்றிலிருந்து இன்னொரு கசற்றுக்குமாக அவை கைமாறின. ஒவ்வொரு பிரதியிலும் இரைச்சல் கூடியது. தனி ஆவர்த்தனத்தின் நடுவே யாரோ ஒரு குழந்தை அழுவதும் கூடவே வந்தது.

இனி என் கதை. அண்ணர் 1985 இல் ஜேர்மனிக்குப் போனார். அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியும். ஆனால் கடிதத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை. "எழுத்திலை ஆள் மெலிஞ்சதோ கொழுத்ததோ தெரியாது" என்பார். ஆகவே அண்ணர் பேசி அனுப்பினார். அம்மா பேசி அனுப்பினார். தொடக்கத்தில் ஒவ்வொரு தடவையும் புதுக் கசற். 1990 இல் மறுபடி யுத்தம் தொடங்கிய பின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றறியும் தடை செய்யப்பட்ட பொருளாயிற்று. புதுக் கசற் கிடைப்பது அரிதாயிற்று. அப்போதுதான் ஒரே கசற்றை இருவருமாகப் பயன்படுத்தத் தொடங்கினோம். கொழும்புக்குப் போகிறவர்கள் கையில் அது போகும். அண்ணர் கேட்டுவிட்டு அதன் மேலேயே தம் பதிலைப் பேசி, வருகிறவர்கள் கையில் அனுப்புவார். கிளாலிக் கடலை அது எத்தனை தரம் கடந்ததோ தெரியாது.

இதில் என்ன நடந்தது என்பதை விளங்கிக்கொள்ள, கருவியின் உள்ளே ஒரு கணம் பார்க்க வேண்டும். பதிவு செய்யும்போது நாடா முதலில் அழிக்கும் முனையைத் தொட்டு, அதன் பின்னரே பதியும் முனைக்கு வரும். பழையதைத் துடைத்துவிட்டுத்தான் புதியதை எழுதும். கசற்றின் முதுகில் உள்ள சிறு பிளாஸ்ரிக் பல்லை உடைத்துவிட்டால் அதில் மேற்கொண்டு பதிய முடியாது. கடையில் வாங்கும் பாட்டுக் கசற்றுகளில் அந்தப் பல் இராது. எங்களுடையதில் இருந்தது. உடைத்தால் பதில் எப்படி அனுப்புவது? ஆக, அண்ணர் ஒவ்வொரு முறையும் அம்மாவை அழித்துக்கொண்டே அம்மாவோடு பேசினார், அம்மாவும் அப்படியே.

மின்சாரத்துக்குச் சைக்கிள். அந்நாட்களில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றினால் பின்சில்லு சுழலும்; அதோடு உரசும் டைனமோ ஆறு வோல்ற் தரும். ஒரு டயோட்டும் ஒரு மின்தேக்கியும் வைத்து ஒட்டினால் றேடியோவும் பாடும், கசற்றும் ஓடும். செய்தி நேரத்தில் வீட்டுக்கு வீடு இந்தச் சில்லுச் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டில் சுற்றுவது என் வேலை. அம்மா கருவிக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்து, "மோனை, சாப்பிட்டனியே?" என்றுதான் தொடங்குவார். பதில் வருமென்று எதிர்பார்ப்பவர் போலச் சற்று நேரம் பேசாமல் இருப்பார். அந்த இடைவெளியிலும் நான் சுற்றிக்கொண்டிருப்பேன்.

சில்லின் வேகம் ஒரே சீராக இருக்காது. கை களைத்தால் வோல்ற் குறையும், மோட்டார் மெதுவாகும், நொடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டிய நாடா அதைவிடக் குறைவாக ஓடும். அப்படிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓடும் கருவியிற் போட்டால் குரல் விரைந்து, மெலிந்து, உயர்ந்து கேட்கும். எங்களுக்கு அது தெரியவில்லை. நாங்கள் போட்டுப் பார்த்ததும் அதே சைக்கிளில்தானே. ஜேர்மனியில் அண்ணர் கேட்டது மெல்லிய, அவசரமான ஒரு குரலை. ஐந்து ஆண்டுகள் அதைத்தான் கேட்டார்.

1995 பெப்ரவரியில் அம்மா காலமானார். அந்தியேட்டிக்கு இரண்டு நாளுக்கு முன்னர் கசற் வந்தது. செய்தி எட்டுவதற்கு முன் அண்ணர் பேசி அனுப்பியது. யாரும் அதைப் போடத் துணியவில்லை. செலவு முடிந்து பல நாள் கழித்து ஓர் இரவு தனியாகச் சில்லைச் சுற்றிக் கேட்டேன். ஒரு கையால் சுற்றிக்கொண்டு கேட்பது சுலபமல்ல. அண்ணர் இருபத்திரண்டு நிமிடம் பேசினார். பனி, வேலை, அம்மாவின் முழங்கால் நோவுக்கு ஒரு தைலம் அனுப்புவது. பின்னர் பொத்தானை நிறுத்தும் ஒலி. அதற்கப்பால் நாடாவில் அழிக்கும் முனை படவில்லை. அம்மாவின் முந்திய பேச்சின் வால் அப்படியே இருந்தது. பாதி வசனத்திலிருந்து தொடங்கியது. முருங்கை முறிந்தது, பசு கன்று போட்டது, என்னைப் பார்த்து, "ஆறுதலாச் சுத்தடா தம்பி, கை நோகப் போகுது." எல்லாமாக நான்கு நிமிடம். அண்ணர் இன்னும் கொஞ்சம் பேசியிருந்தால் அதுவும் இருந்திராது.

அன்றிரவே அந்தப் பல்லை உடைத்தேன்.

அவ்வாண்டு ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, காணி உறுதி வைத்திருந்த பைக்குள் அந்தக் கசற்றும் வந்தது. பெரியப்பாவின் இசைத்தட்டுகள் வீட்டோடு போயின. கோயிற் பதிவுகள் இருந்த இன்னொரு பெட்டியும் போயிற்று.

2011 இல் கொழும்பில் ஒருவரிடம் கொடுத்து அதைக் கணினிக்கு மாற்றுவித்தேன். அவர் நிதானமான இளைஞர். சில்லின் இரைச்சலைக் குறைக்கலாம், வேகத்தையும் திருத்தலாம் என்றார். அம்மாவின் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்திக்கொண்டு வந்தார். எந்த இடத்தில் நிறுத்துவது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஓரிடத்தில் என் அம்மா பேசினார். அடுக்களையிலிருந்து கூப்பிடும் அதே குரல். அந்த இளைஞர் எழுந்து வெளியே போய் நின்றார்.

அந்தத் திருத்திய பதிவை அண்ணருக்கு அனுப்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தொலைபேசியில் வந்தார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது பெரியம்மான்ரை குரல் மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். சில்லுச் சத்தம் எங்கே என்றும் கேட்டார்.

திருத்தாத பதிவை மறுநாள் அனுப்பி வைத்தேன்.