காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதா?

மே மாத வெயில். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கியதும் செருப்பை ஒரு நிமிஷம் கழற்றுகிறீர்கள். பாதம் தரையில் பட்டதுதான் தாமதம், 'ஸ்ஸ்...' என்று காலைத் தூக்கிவிடுகிறீர்கள். 'சுடுதே!' என்று மூளை உணர்வதற்கு முன்பே கால் மேலே போய்விட்டது! அந்த அவசர உத்தரவைப் போட்டது உங்கள் தண்டுவடம். சேதியைக் கொண்டுபோனது நரம்பு.

நரம்பு என்றதும் பலர் புறங்கையில் பச்சையாகப் புடைத்திருப்பதைக் காட்டுவார்கள். அது நரம்பு இல்லைங்க, ரத்தக் குழாய். நிஜமான நரம்பு வெள்ளை நூல் மாதிரி உள்ளே மறைந்திருக்கும்.

நரம்புத் திசுவில் முக்கியமாக இரண்டு வகை செல்கள் உண்டு. சேதி அனுப்புவது நியூரான் எனும் நரம்பு செல். அதற்குப் பக்கத்துணையாக இருந்து பராமரிப்பவை கிளியல் செல்கள்.

நியூரானுக்கு ஓர் உடல், சேதியை வாங்கிக்கொள்ளக் கிளைகள், கடத்த ஒரு நீண்ட வால். இந்த வாலுக்கு 'ஆக்ஸான்' என்று பெயர். இடுப்புப் பகுதியில் முதுகெலும்பை ஒட்டியிருக்கும் ஒரு செல்லின் வால், கால் கட்டைவிரல் வரை நீளும். ஏறக்குறைய ஒரு மீட்டர்! கண்ணுக்கே தெரியாத செல்லுக்கு இவ்வளவு நீள வால்!

பல ஆக்ஸான்களுக்கு 'மயலின்' என்ற கொழுப்பு உறை உண்டு. மின்சார ஒயருக்கு மேலே பிளாஸ்டிக் இருக்கிறதல்லவா, அந்த மாதிரி. உறை நடுநடுவே விட்டுவிட்டு இருக்கும். சேதி அந்த இடைவெளிகளில் மட்டும் தாவித் தாவிப் போகும். எக்ஸ்பிரஸ் வண்டி தாம்பரத்தை விட்டால் குரோம்பேட்டை, பல்லாவரத்தில் நிற்காமல் பறக்கிறதே, அதுபோலத்தான்! இதனால் சில நரம்புகளில் வேகம் வினாடிக்கு 100 மீட்டரைக்கூடத் தாண்டும். ஒரு செல் முடிந்து அடுத்த செல் தொடங்கும் இடத்தில் சின்ன இடைவெளி இருக்கும். அதை ரசாயனப் பொருட்களின் உதவியால் சேதி கடக்கிறது.

சரி, இந்தக் கதை எல்லாம் நமக்கு எதற்கு?

அந்த ஸ்டேஷனுக்குப் பெயர் தந்த காச நோய் சானடோரியத்தை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. காச நோய்க்குத் தரும் முக்கியமான மாத்திரை ஐசோநியாசிட். உயிர் காக்கும் இந்த மருந்து, உடம்பிலுள்ள 'பைரிடாக்ஸின்' எனும் பி-6 வைட்டமினைக் குறைத்துவிடும். அது குறைந்தால் நரம்புக்குச் சிக்கல்.

முதலில் எங்கே தெரியும்? பாதத்தில்! தெருவில் தண்ணீர் குறைந்தால் கடைசி வீட்டுக் குழாய்தானே முதலில் காயும்? நீளமான ஆக்ஸானின் நுனிக்கும் அதே கதிதான். இரண்டு பாதங்களிலும் எரிச்சல், மரத்துப்போதல், 'எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு' என்ற புகார்.

இதற்கு வழி சொன்னதில் நம் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. சேத்துப்பட்டில் இயங்கிய காச நோய் ஆய்வு மையம் 1963-ல் வெளியிட்ட ஆய்வுகள், தினமும் சிறிதளவு பைரிடாக்ஸின் சேர்த்துக் கொடுத்தால் இந்த நரம்புப் பாதிப்பைத் தடுக்கலாம் என்று காட்டின. காச நோய் மாத்திரையோடு அந்த வைட்டமினையும் தருவது இதற்காகத்தான். 'சத்து மாத்திரைதானே' என்று ஒதுக்கிவிடாதீர்கள்!

சர்க்கரை நோய், கர்ப்பம், மதுப் பழக்கம், சத்துக்குறைவு உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். கால் மரத்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். பயந்துபோய்க் காச நோய் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. நோய் மருந்துக்குக் கட்டுப்படாமல் போய்விடும். மெடிக்கல் ஷாப்பில் பி-6 வாங்கி இஷ்டத்துக்கு விழுங்குவதும் தப்பு. அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்!

மரத்த கால் காச நோயாளிகளுக்கு மட்டும் வருவதல்ல. சர்க்கரை நோயிலும், பி-12 குறைவிலும், தொழுநோயிலும் வரும். காரணத்தைக் கண்டுபிடிப்பது டாக்டரின் வேலை.

தாமதம் மட்டும் வேண்டாம். அறுந்த நரம்பு மறுபடி வளர்ந்தாலும் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்... ஒரு மீட்டருக்கு எத்தனை நாள்?

சுடு தரையில் 'ஸ்ஸ்' என்று கால் துள்ளுகிறதா? சந்தோஷப்படுங்கள். துள்ளாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்!