பிசினூட்டிய மரத்தை ஒட்டிக் கடைதல்

பூட்டுக்கும் தோலுக்கும் பேர்பெற்றது நம் திண்டுக்கல். தோலைப் பதனிடுமுன் சுரண்டிக் கழிக்கும் சவ்வையும் துண்டுகளையும் நீரிலிட்டுக் காய்ச்சினால் வச்சிரம் என்னும் பசை கிடைக்கும். மரத்தோடு மரத்தை இணைக்கத் தச்சர்கள் நெடுங்காலம் இதனையே பெரிதும் நம்பினர். 1959-ஆம் ஆண்டில் தோன்றிய ஃபெவிகால் முதலிய வெண்பசைகள் பின்னர் அதன் இடத்தைப் பெற்றன. இவ்விரண்டையும் நம்பி ஒட்டலாகாத மரம் ஒன்று உண்டு. அதனைப்பற்றி ஈண்டுச் சிறிது கூறுவாம்.

அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான்கள் ஒரே கட்டையிற் கடையப்படுவன. பெரிய கிண்ணத்தை அவ்வாறு கடைவது எளிதன்று. பருத்த கட்டை உலருங்கால் வெடிக்கும். ஆதலின் சிறு துண்டுகளை வளையமாக ஒட்டி, வளையத்தின்மேல் வளையம் அடுக்கிக் கடைதல் ஒரு முறை. மரம் இழை நெடுகச் சுருங்குவது மிகச் சிறிது. குறுக்கே சுருங்குவதே மிகுதி. வளையத்தில் இழை சுற்றிலும் ஓடுவதால் கிண்ணம் எளிதில் கோணாது.

ஒரு வளையத்திற்கு 12 துண்டுகள் எனின், ஒவ்வொரு முனையையும் 15 பாகை சாய்த்து அறுத்தல் வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும் அரைப் பாகை பிழைத்தாலும், 24 வெட்டுக்களிற் பிழை 12 பாகையாகும், வளையம் கூடாது.

இனி, பிசினூட்டிய மரம் யாது? மென்மையான மரத்தையும், பூஞ்சை படர்ந்து அழகிய கோடுகள் விழுந்த மாமரத்தையும் உள்ளபடியே கடைந்தால் உதிரும். அத்தகைய மரத்தை அடுப்பில் ஈரமற உலர்த்தி, திரவப் பிசினில் அமிழ்த்தி, கலத்திலுள்ள காற்றை வெளியேற்றுவர். மரத்தின் நுண்துளைகளிலிருந்த காற்றுக் குமிழிகளாய் வெளிப்படும். மீண்டும் காற்றை உள்ளே விட, அதன் அழுத்தத்தால் பிசின் அத்துளைகளிற் புகும். பின்பு சுமார் 90 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் அது கல்போல் இறுகும். ஈரம் எஞ்சியிருப்பின் பிசினுக்கு இடமில்லை என்பதை மறத்தலாகாது.

இங்ஙனம் உறுதிபெற்ற மரத்தை ஒட்டுவதில் இடர்ப்பாடு யாதெனில், வச்சிரமும் வெண்பசையும் நீர் கலந்தவை. மரம் அந்நீரை உறிஞ்சினாலன்றி அவை செவ்வனே இறுகா. பிசின் நிறைந்த மரமோ நீரைக் குடியாது. ஆகவே, நீரின்றி இரசாயனச் சேர்க்கையால் இறுகும் எபாக்ஸிப் பசையே இதற்கு ஏற்றது.

முதலாவது, பளபளப்பு நீங்க ஒட்டுமுகத்தை முரட்டு உப்புத்தாளால் தேய்க்க. தேய்க்குங்கால் முகம் குவியாதபடி தட்டைப் பலகையின்மேல் தாளை வைத்துத் தேய்த்தல் நலம். பின்னர்த் தூசியைத் துடைத்து, எபாக்ஸியின் இரு பகுதிகளையும் குறித்த அளவில் நன்கு கலந்து இருமுகங்களிலும் பூசுக. கிளாம்பை மிகையாக இறுக்கினால் பசை முழுதும் வெளியே பிதுங்கி, மூட்டு வறண்டுபோம். முகங்கள் படியுமளவு இறுக்கி, ஒருநாள் முழுதும் அசையாமல் வைத்தல் வேண்டும்.

பிசினூட்டிய துண்டைச் சாதாரண மரத்தோடு சேர்ப்போர் மற்றொன்றும் நோக்கற்பாலது. ஐப்பசி, கார்த்திகை மழையிற் சாதாரண மரம் உப்பும், கோடையிற் சுருங்கும். பிசினுண்டது அவ்வளவு அசையாது. அவ்வேறுபாட்டின் வலிவெல்லாம் மூட்டின்மேல் விழும். ஆதலின் சேரும் மரமும் நன்கு உலர்ந்ததாக, சேரும் பரப்புச் சிறியதாக இருத்தல் நன்று.

கடையுமுன் சோதனை அவசியம். அதே மரத்தில் இரு துண்டுகளை ஒட்டி, ஒருநாள் கழித்து முறித்துப் பார்க்க. மரம் பிளந்தால் மூட்டு நன்று. பசைக்கோட்டில் வழுவழுப்பாய்ப் பிரிந்தால் அம்மூட்டு ஆகாது. இஃது அழகைப்பற்றிய கவலை மட்டுமன்று. 10 அங்குல விட்டமுள்ள கிண்ணம் நிமிடத்திற்கு 1000 சுற்றுச் சுழலுங்கால், அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 30 மைல் வேகத்தில் ஓடுகிறது. அப்போது மூட்டு விட்டால் துண்டு பாய்வது கடைபவன் முகத்தின்மேலாம். முகக்கவசம் அணிவதோடு, ஐயத்திற்கிடமான மூட்டைக் கடைசலில் ஏற்றாமல் விலக்குவதே கைவினைஞர்க்கு அறிவுடைமையாகும்.