கன்றுகளின் இருதயத்தில் பிறவித் துவாரம்

தாய்ப்பால் குறைவின்றி ஊட்டியும் கன்று உடல் தேறாமல், சற்று ஓடினாலும் மூச்சிரைத்து நிற்குமாயின், குடியானவர்கள் முதலில் சந்தேகிப்பது குடற்புழுவை, அடுத்தபடி சளியை. பெரும்பாலும் அது சரியே. ஆயினும் இரண்டிற்கும் மருந்து கொடுத்துக் குணங்காணாத கன்றுகளுள் சிலவற்றிற்குக் குற்றம் இருதயத்தினுள்ளேயே இருக்கின்றது.

இருதயத்தின் வலப்பக்கத்து அறைகள் உடலிலிருந்து திரும்பிய ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகின்றன. இடப்பக்கத்தவை அங்கே சுத்தியடைந்த ரத்தத்தை உடலெங்கும் செலுத்துகின்றன. இவற்றினிடையே உள்ள சுவர், கரு உருவாகும் ஆரம்ப வாரங்களில் பல பாகங்களாக வளர்ந்து ஒன்றுகூடுவது. ஒரு பாகம் குறைப்பட்டால் துவாரம் நின்றுவிடும். மாட்டினத்தில் காணும் பிறவி இருதயக் குறைகளுள் மிகுதியானது கீழறைகளுக்கு இடையிலுள்ள இத்துவாரமே. சுவரின் மேற்பகுதியில், பெருநாடி தொடங்கும் இடத்திற்குச் சற்றுக் கீழே அது பெரும்பாலும் அமைந்திருக்கும்.

மேட்டு வயலுக்கும் பள்ள வயலுக்கும் நடுவிலுள்ள வரப்பில் நண்டு வளை விழுந்தாற்போல, அழுத்தம் மிகுந்த இடப்பக்கத்திலிருந்து ரத்தம் வலப்பக்கம் பாய்கின்றது. வளை சிறிதானால் நீர் சீறிப் பாயும்; வரப்பே உடைந்தாலோ ஓசை அடங்கிவிடும். துவாரமும் அவ்வாறே. சிறிய துவாரம் பேரிரைச்சலையும், மிகப் பெரியது மெல்லிய ஓசையையும் தருவதுண்டு. ஆதலால் ஓசையின் அளவைக் கொண்டு ஆபத்தை அளத்தல் தவறு. இரைச்சலிருந்தும் நோயாளி சுகமாயிருக்கக்கூடும் என்பதை மனிதரிடத்தில் ஹென்றி ரோஜர் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1879-ல் எழுதிவைத்தார்.

துவாரம் பெரிதாயின் நுரையீரலுக்கு மிகுதியான ரத்தம் சென்று, இருதயம் வீங்கிக் களைத்துப்போகும். நாளடைவில் நுரையீரல் நாளங்கள் தடித்து வலப்பக்க அழுத்தம் ஏறினால், ஓட்டம் திரும்பிச் சுத்தியடையாத ரத்தம் உடலில் கலக்கும். அப்பொழுது நாக்கும் ஈறும் நீலம் பாய்ந்து காணும். உண்ணி, ரத்தப்புழு முதலியவற்றால் ரத்தம் குன்றிய கன்றிலும் இருதய இரைச்சல் கேட்பதுண்டு; அது ரத்தம் ஊறியதும் மறையும், இது மறையாது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் விதவை ஒருவர் வளர்த்த கிடாரிக் கன்றுக்குப் புழுமருந்து கொடுக்கும்படி இருமுறை சொல்லிவந்தேன். வைத்தியம் என் தொழிலன்று. கால்நடை வைத்தியரிடம் முன்பே அனுப்பியிருக்க வேண்டும். அவர் வந்து வலது முன்னங்காலின் முழங்கைக்கு உட்புறம் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டதும், பிறவிக் குறை என்றார். ஒலியலைப் படமே துவாரத்தின் அளவைக் காட்டும். அதை மருந்தினால் அடைக்க முடியாது, சிறுநீரைப் பெருக்கும் மருந்து மூச்சுத்திணறலைச் சற்றுத் தணிக்கும், அவ்வளவே என்றும் விளக்கினார்.

"ஐயா, தரகன் நல்ல விலை கேட்கிறான். ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிடட்டுமா?" என்று அம்மையார் கேட்டார். நான் பதில் சொல்லுமுன் அவரே, "வாங்குகிறவளும் என்னைப்போல் ஒருத்தியாய் இருப்பாள்" என்று கூறி நிறுத்திக்கொண்டார். ஒன்பதாம் மாதத்தில், வெயிலில் மந்தையோடு ஓடியபின் அக்கன்று விழுந்து இறந்தது. அறுத்துப் பார்த்தபோது துவாரத்தில் என் பெருவிரல் நுழைந்தது.

பூனை, நாய், குதிரை, பன்றி ஆகியவற்றிலும் இக்குறை உண்டு. பூனையில் சிறிய துவாரம் ஆயுள் முழுவதும் தொந்தரவின்றி இருக்கலாம். ஆனால் பூனை நோயை மறைத்துப் பதுங்கும் இயல்புடையது. சும்மா அமர்ந்திருக்கையில் வாய் திறந்து மூச்சு வாங்கினால் உடனே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

எல்லாக் குறையும் பரம்பரையன்று. ஆயினும் சில வம்சங்களில் தொடர்வதால், இத்தகைய கன்று பிழைத்து வளர்ந்தாலும் இனவிருத்திக்கு விடலாகாது. அதை ஈன்ற பசுவை அதே காளையுடன் மீண்டும் சேர்த்தலும் கூடாது. சினை ஊசி போட்டதாயின், காளையின் எண்ணைக் கால்நடை நிலையத்தில் தெரிவித்தல் நலம். மேற்சொன்ன அம்மையார் அவ்வாறே செய்து வேறு காளையின் விந்தை ஊசி போடுவித்தார். அடுத்த கன்றும் கிடாரியே. வைத்தியர் அதன் மார்பில் நெடுநேரம் செவிகொடுத்துக் கேட்டும் இரைச்சல் ஒன்றும் இல்லை.