பிள்ளையை யாரிடம் விடுவது?

மொழி, அடையாளம் என்று எழுதித் தள்ளும் நாம், ரொறொன்ரோவில் வேலைக்கு ஓடும் பெண் பிள்ளையை எங்கே விடுகிறாள் என்று கேட்பதில்லை. (நமது கூட்டங்களுக்கான மாலைகளும் யாரோ ஒருத்தி பிள்ளை பார்ப்பதால் கிடைப்பவையே.) ஸ்காபரோவில் பலரது முதல் தெரிவு, அதே மாடிக்கட்டடத்தில் பிள்ளை பார்க்கும் ஓர் அன்ரி. சோறு தீத்துவார், தமிழில் கதைப்பார். இது சின்ன விடயமல்ல. ஆனால் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாக வேண்டும். 2013 யூலையில், வோன் நகரில் உரிமமற்ற வீடொன்றில் விடப்பட்ட 2 வயதுக் குழந்தை காருக்குள் வெப்பத்தில் இறந்தது. அங்கே அனுமதித்த தொகையைவிடப் பன்மடங்கு பிள்ளைகள். அதன்பின் 2014இல் ஒன்ராறியோ புதுச் சட்டம் இயற்றியது. உரிமமற்ற வீட்டில் 5 பேருக்கு மேல் கூடாது. அதில் 2 வயதுக்குட்பட்டோர் 3 பேர்தான். அன்ரியின் சொந்தச் சின்னப் பிள்ளைகளும் கணக்கில் சேரும்.

உரிமமுள்ள நிலையமெனில் 18 மாதம் நிரம்பாத 10 குழந்தைகளுக்கு 3 பணியாளர். 2022 உடன்படிக்கையில் சேர்ந்த நிலையங்களில் 2025 ஜனவரி முதல் நாட்கட்டணம் 22 டொலருக்கு மேற்படாது. இடந்தான் அரிது, வயிற்றில் இருக்கும்போதே பெயரைப் பதிவது நல்லது. தமிழை வீட்டில் கதைக்கலாம், அப்பாக்களும்.

உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிள்ளை அங்கிருக்கையில் பெற்றோரை உள்ளே விடமறுக்கச் சட்டத்தில் இடமில்லை. சொல்லாமல் ஒருநாள் மத்தியானம் போய், அழுகிற பிள்ளையை யார் தூக்குகிறார்கள் என்று பாருங்கள்.