தாய்மொழி என்னும் திறவுகோல்

நுழையும்முன்

புதிய மொழியொன்றைக் கற்பவர் வெறுமையிலிருந்து தொடங்குவதில்லை. அவருள் ஒரு மொழி முன்பே முழுமையாகக் குடிகொண்டிருக்கிறது. அதைத் துணையாகக் கொண்டு அன்றாட ஆங்கிலத்தைக் கற்கும் வழியை இப்பாடம் விளக்குகிறது.

தமிழ்வழியில் பயிலும் மாணவர் பலர் ஆங்கிலம் பேச அஞ்சுகின்றனர். பிழை நேர்ந்தால் பிறர் நகைப்பர் என்னும் தயக்கம் அவர்களின் வாயை அடைக்கிறது. ஆனால், அப்பிழைகளுள் பல அறிவுக்குறைவால் தோன்றுபவை அல்ல. தமிழின் இலக்கண வழக்கத்தை ஆங்கிலத்தின்மேல் ஏற்றுவதால் தோன்றுபவை. இரு மொழிகளும் வேறுபடும் இடங்களை அறிந்துகொண்டால் அவற்றை நாமே திருத்திக்கொள்ளலாம்.

இடமும் உருபும்

'புலி மானைக் கண்டது' என்பதை 'மானைப் புலி கண்டது' என மாற்றினாலும் பொருள் மாறுவதில்லை. கண்டது எது, காணப்பட்டது எது என்பதை 'ஐ' உருபு காட்டிவிடுகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்கு அத்தகைய உருபு இல்லை. சொல் நிற்கும் இடமே பொருளை முடிவு செய்கிறது. 'தி டைகர் சா தி டீர்' என்னும் தொடரில் இரு பெயர்களும் இடம் மாறினால், கண்டது மானாகிவிடும். எனவே எழுவாய், வினை, செயப்படுபொருள் என்னும் வரிசையைப் பேணுதல் ஆங்கிலத்தில் இன்றியமையாதது.

தமிழில் பெயருக்குப் பின் வரும் உருபுகளின் பணியை, ஆங்கிலத்தில் பெயருக்கு முன் வரும் சிறு சொற்கள் செய்கின்றன. 'ஐந்து மணிக்கு' என்பதற்கு 'அட்', 'திங்கட்கிழமை அன்று' என்பதற்கு 'ஆன்', 'சூன் மாதத்தில்' என்பதற்கு 'இன்' என வரும். நேரம், நாள், மாதம் என வகைப்படுத்திப் பயின்றால் இவை மனத்தில் நிலைக்கும்.

வினையின் இயல்பு

'அவர் மருத்துவர்' என்பது பெயர்ப் பயனிலை கொண்ட தொடர். இதில் வினை இல்லை. எனினும் தொடர் நிறைவுற்றது. ஆங்கிலமோ வினையின்றி நிறைவதில்லை. 'ஹி இஸ் எ டாக்டர்' என்றே கூறவேண்டும். தமிழர் 'இஸ்' என்பதை விட்டுவிடுவதன் காரணம் இதுவே.

'வந்தான்' என்னும் ஒரு சொல் காலம், திணை, பால், எண், இடம் அனைத்தையும் உணர்த்துகிறது. 'கேம்' என்னும் ஆங்கிலச் சொல் காலத்தை மட்டுமே உணர்த்துவதால், வந்தவர் யார் என்பதைத் தனியே சுட்டவேண்டும். நிகழ்காலத்தில் மட்டும் 'ஐ ரீட்', 'ஷி ரீட்ஸ்' எனப் படர்க்கை ஒருமைக்கு ஒரு விகுதி சேரும். 'படிக்கிறேன், படிக்கிறாள், படிக்கிறார்கள்' எனப் பல விகுதிகளை இயல்பாக ஆளும் நமக்கு இந்த ஒன்று அரிதன்று.

சொற்களின் நட்பு

சொற்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்வது போதாது. எச்சொல்லோடு எச்சொல் சேரும் என்பதையும் அறியவேண்டும். நாம் மருந்து சாப்பிடுகிறோம், தேர்வு எழுதுகிறோம், புகைப்படம் எடுக்கிறோம். ஆங்கிலத்தில் இம்மூன்றுக்கும் 'டேக்' என்னும் ஒரே வினை பொருந்தும். 'கனமழை' என்பதோ 'ஹெவி ரெயின்' எனத் தமிழைப் போன்றே அமைகிறது. ஆகவே புதிய சொல்லைக் குறிப்பேட்டில் எழுதும்போது, அது இடம்பெறும் முழுத்தொடரையும் எழுதிவைத்தல் நன்று.

தெரியுமா?

'நாம்', 'நாங்கள்' என்னும் வேறுபாட்டை ஆங்கிலம் காட்டுவதில்லை; இரண்டுக்கும் 'வி' ஒன்றே. 'எத்தனையாவது' என்பதற்கு நேரான ஒற்றைச்சொல்லும் அதில் வழக்கில் இல்லை. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகிய தமிழ்ச்சொற்கள் 'கேட்டமரான்', 'ஷெரூட்', 'மல்லிகட்டானி' என ஆங்கில அகராதியில் இடம்பெற்றுள்ளன.

ஒரு மொழியில் உள்ளது மற்றொன்றில் இல்லாதிருப்பது எம்மொழிக்கும் குறையன்று. தமிழ் இலக்கணத்தைத் தெளிவாகக் கற்றவர், ஆங்கிலத்தில் தாம் செய்யும் பிழையின் காரணத்தையும் காண்பார். காரணம் தெரிந்த பிழை அச்சம் தருவதில்லை. நாள்தோறும் சில தொடர்களையேனும் துணிந்து பேசுவோம். பிழை குறையும், மொழி வசப்படும்.

கற்பவை கற்றபின்…

நீங்கள் அன்றாடம் பேசும் ஐந்து தமிழ்த்தொடர்களை ஆங்கிலத்தில் கூறி, சொல்வரிசையிலும் வினையிலும் காணும் வேறுபாடுகளை அட்டவணைப்படுத்துக.